எந்தச் சந்துக்கு எந்தப் புட்டி? பிளாஸ்டிக் மாடல் கட்டுவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரை 1/72 அளவில், அதாவது நிஜத்தைவிட 72 மடங்கு சிறிதாகக் கட்டினால் இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை சுமார் 15.6 செ.மீ. வரும். உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம். அந்த இறக்கை உடலோடு சேரும் இடத்தில் அரை மில்லிமீட்டர் சந்து விழுந்தால் நமக்கு அது ஒரு சின்னக் கோடுதான். ஆனால் 72ஆல் பெருக்கிப் பாருங்கள். 36 மி.மீ. வருகிறது. நிஜ விமானத்தில் இரண்டு விரலைச் சேர்த்து உள்ளே விடலாம்! பார்ப்பவர் யாரும் இந்தக் கணக்கைப் போடமாட்டார்கள், ஆனாலும் ஏதோ சரியில்லை என்று கண்ணுக்குப் பட்டுவிடும். பெயின்ட் எவ்வளவு அழகாக அடித்திருந்தாலும் மாடல் பொம்மை மாதிரித் தெரிவதற்கு இந்தச் சந்துகள் ஒரு பெரிய காரணம். இவற்றை நிரப்பி மறைக்கும் பூச்சுதான் புட்டி.

இதில் புதிதாக இறங்குகிறவர்கள் “எந்த பிராண்ட் புட்டி நல்லது?” என்றுதான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டு, எல்லாரும் புகழ்ந்த ஒரு ட்யூபை வாங்கினேன். ஒரு குண்டுவீச்சு விமானத்தின் அடிப்பக்கம் இருந்த 3 மி.மீ. பள்ளத்தை அதைக்கொண்டு ஒரே தடவையில் நிரப்பினேன். மறுநாள் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. தேய்த்து, பெயின்ட் அடித்து முடித்தேன். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது அந்த இடத்தில் வாய்க்கால் போல ஒரு குழி. ஓரத்து பிளாஸ்டிக்கும் இளகி நெளிந்திருந்தது. மூன்று வார வேலை போயிற்று. புட்டியில் ஒரு குறையும் இல்லை. மெல்லிய கீறலுக்கென்று செய்ததை நான் பள்ளத்தில் கொட்டியிருந்தேன். அதனால்தான் சொல்கிறேன்: கடைக்குப் போகும் முன் உங்கள் மாடலில் இருக்கும் சந்தைப் பாருங்கள். எந்தப் புட்டி வேண்டும் என்பது அங்கேதான் தெரியும்.

படி 1: புட்டி தேவைதானா?

பசை போடுவதற்கு முன் பாகங்களை வெறுமனே சேர்த்துப் பாருங்கள். சந்து விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஏதாவது ஒன்று உள்ளே இடிப்பதுதான். ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டிய இடத்தில் மிஞ்சிய மொட்டு, வார்ப்பில் வழிந்த மெல்லிய பிசிறு, பாகங்களைப் பொருத்துவதற்கான முளை சற்றுத் தடித்திருப்பது, விமானி அறையின் தரை ஒரு மயிரளவு அகலமாக இருப்பது, இப்படி ஏதாவது இருக்கும். அதைச் சுரண்டி எடுத்தால் பாதிச் சந்துகள் தாமாக மூடிக்கொள்ளும்.

ஸ்பிட்ஃபயர் போன்ற தாழ்ந்த இறக்கை விமானங்களில் இன்னொரு வழி இருக்கிறது. மேலே இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே சந்து தெரிந்தால், பசை காயும்வரை இரண்டு இறக்கை நுனிகளையும் மாஸ்கிங் டேப்பால் மேல்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். சந்து இறுகும். அளவுக்கு மீறி இழுத்துவிட வேண்டாம். இறக்கை எவ்வளவு மேல்நோக்கிச் சாய வேண்டும் என்பதை வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சந்து தொடர்ந்து அடம்பிடித்தால், உடலின் உள்ளே ஒரு ஸ்ப்ரூ துண்டைக் குறுக்கே முட்டுக்கொடுத்து உடலையே கால் மில்லிமீட்டர் விரிக்கலாம்.

உடலின் இரண்டு பாதிகளை ஒட்டும்போது, பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் மாடல் பசையைத் தாராளமாக ஓடவிட்டு, பத்து விநாடி பொறுத்து அழுத்துங்கள். இளகிய பிளாஸ்டிக் மணிமணியாகப் பிதுங்கி வெளியே வரும். துடைக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க காயவிட்டுச் சீவினால் கோடே தெரியாது. அங்கே நிரப்பியது கிட்டின் (பெட்டியில் வரும் மாடல் பாகங்களின்) சொந்த பிளாஸ்டிக்தான், அதைவிடப் பொருத்தமான புட்டி கிடையாது.

ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருந்தால் அது சந்து இல்லை, படிக்கட்டு. அதில் புட்டி பூசிப் பயனில்லை. உயர்ந்த பக்கத்தைச் சீவித்தான் சமமாக்க வேண்டும்.

படி 2: சந்தை அளந்துகொள்ளுங்கள்

அளப்பதற்குக் கருவி ஏதும் வேண்டாம். ஜெராக்ஸ் எடுக்கும் சாதாரணத் தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன். விசிட்டிங் கார்டு சுமார் 0.3 மி.மீ. ஏ.டி.எம். அட்டை 0.76 மி.மீ. காலாவதியான அட்டை ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டால் போதும்.

தாள்கூட நுழையாவிட்டால் அது வெறும் கோடு, திரவப் புட்டியே போதும். தாள் நுழைந்து விசிட்டிங் கார்டு நுழையாவிட்டால் ட்யூப் புட்டியோ சூப்பர் குளூவோ பார்த்துக்கொள்ளும். விசிட்டிங் கார்டும் நுழைகிறது, ஏ.டி.எம். அட்டை நுழையவில்லை என்றால் பவுடர் கலந்த சூப்பர் குளூ. ஏ.டி.எம். அட்டையே உள்ளே போனால் எந்தப் புட்டியையும் தனியாக நம்பாதீர்கள். முதலில் பிளாஸ்டிக் ஷீட்டில் ஒரு பட்டை வெட்டிச் செருகுங்கள், மிச்சத்தை எபாக்ஸி நிரப்பட்டும்.

அகலம் மட்டும் போதாது, இடத்தையும் பாருங்கள். அந்தச் சந்தின் குறுக்கே பேனல் கோடு, அதாவது விமானத்தின் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் வரி, ஓடுகிறதா? பக்கத்தில் ரிவெட் வரிசை இருக்கிறதா? கண்ணாடிப் பாகத்தை ஒட்டி வருகிறதா? உப்புத்தாள் போக முடியாத மூலையா? கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு வகையும் இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கு நல்ல பதிலாகவும் இன்னொன்றுக்கு மோசமான பதிலாகவும் இருக்கும்.

படி 3: புட்டி வகைகள்

*தின்னர் வகை ட்யூப் புட்டி.* பலருக்கும் முதலில் கைக்கு வருவது இதுதான். டாமியாவின் சாம்பல் நிற பேசிக் புட்டி, அதைவிட நயமான அதன் வெள்ளைப் புட்டி, அமெரிக்க மாடலர்கள் பல காலமாகப் பயன்படுத்திவந்த ஸ்குவாட்ரன் பச்சைப் புட்டி எல்லாம் இந்தக் குடும்பம். நயமான பொடியைப் பிசினில் குழைத்து, தின்னரில் இளக்கி வைத்திருக்கிறார்கள். தின்னர் ஆவியாகப் போனதும் மிச்சம் இறுகுகிறது. இதன் பலமும் பலவீனமும் அந்தத் தின்னர்தான். அது மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனை லேசாகக் கடிப்பதால் (இளக்குவதால்) புட்டி நன்றாகப் பிடிக்கிறது, ஓரம் மெலிந்து இழைகிறது. ஆனால் தின்னர் இருந்த இடம் காலியாவதால் கட்டாயம் சுருங்கும். தடிமனாகப் பூசினால் மேலே தோல் கட்டி, உள்ளே தின்னர் நாள்கணக்கில் அடைபட்டுக் கிடந்து பிளாஸ்டிக்கையும் இளக்கும். என் குண்டுவீச்சு விமானத்துக்கு நேர்ந்தது அதுதான்.

ஆகவே மெல்லிய பூச்சாகப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் சில மணி நேரம், கடைசிப் பூச்சுக்கு ஓர் இரவு என்று நான் விடுவேன். மேலே பேனல் கோடு கீற வேண்டிய இடத்தில் இது வேண்டாம், ஊசி பட்டால் ஓரம் பொடிந்து உதிரும்.

*திரவப் புட்டி.* இதே குடும்பத்தில் பாட்டிலில் வருவது. மிஸ்டர் சர்ஃபேஸர் 500, மிஸ்டர் டிசால்வ்டு புட்டி போன்றவை. சர்ஃபேஸரில் எண் குறையக் குறையத் தடிமன் கூடும். 500 கீறலையும் மெல்லிய கோட்டையும் நிரப்பும், 1000க்கு மேல் போனால் பிரைமராகப் பயன்படும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது தேய்க்காமலே முடித்துவிடலாம் என்பதுதான். இறக்கை மூட்டில் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, அரை மணி நேரம் கழித்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பட்ஸால் மெல்லத் துடையுங்கள். மேலே வழிந்தது மட்டும் வந்துவிடும், சந்துக்குள் இருப்பது தங்கிவிடும், சுற்றியிருக்கும் ரிவெட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆல்கஹாலுக்குப் பதில் அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்துவிடாதீர்கள். அது பிளாஸ்டிக்கையே கரைக்கும்.

*தண்ணீர் வகை.* வய்யேஹோவின் பிளாஸ்டிக் புட்டி, டீலக்ஸ் மெட்டீரியல்ஸின் பெர்ஃபெக்ட் பிளாஸ்டிக் புட்டி போன்றவை. வாடை கிடையாது. பிள்ளைகள் நடமாடும் வீட்டில் இது பெரிய நிம்மதி. பிளாஸ்டிக்கைக் கடிக்காது, ஈரமான பட்ஸாலோ விரலாலோ துடைத்தே ஓரத்தை நேராக்கிவிடலாம். கண்ணாடிப் பாகத்தைச் சுற்றி நிரப்ப இதைத்தான் எடுக்க வேண்டும். கடிக்காத புட்டி அவ்வளவாக ஒட்டவும் செய்யாது என்பது மறுபக்கம். உப்புத்தாளால் தேய்த்தால் ஓரம் செதிலாகப் பெயரும். அதனால் இதை நான் தேய்க்கும் வேலைக்கு எடுப்பதே இல்லை, துடைக்கும் வேலைக்கு மட்டும்தான். மழைக்காலத்தில் காய அதிக நேரம் பிடிக்கும், அவசரப்படக் கூடாது.

*சூப்பர் குளூ.* ஃபெவிக்விக் மாதிரியான சயனோஅக்ரிலேட் பசை. புட்டி என்று யாரும் விற்பதில்லை, ஆனால் விமான மாடலுக்கு ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். தின்னர் எதுவும் ஆவியாவதில்லை, காற்றின் ஈரத்தால் வேதிவினை நடந்து இறுகுகிறது. ஆகவே சுருக்கம் மிகக் குறைவு. இறுகியபின் கெட்டியாகவும் சீராகவும் இருப்பதால் அதன் குறுக்கே பேனல் கோடு கீறினால் உதிராமல் சுத்தமாக விழும்.

அகலமான சந்துக்கு, ஒரு பிளாஸ்டிக் மூடியில் சில சொட்டு விட்டு, வாசனை சேராத டால்க் பவுடரை ஏறத்தாழ அதே அளவு கலந்து, பல் குத்தும் குச்சியால் தடவுங்கள். பவுடர் கலந்தால் தேய்ப்பது எளிதாகிறது, இறுகவும் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. சமையல் சோடாவும் சேர்க்கலாம் என்று பலர் சொல்வார்கள். சோடா பட்ட கணமே பசை இறுகிவிடும், கல்லைப் போல ஆகிவிடும். உள்ளே யாருக்கும் தெரியாத இடத்தில் முட்டுக்கொடுக்கச் சோடா சரி. வெளியே தேய்க்க வேண்டிய இடத்துக்கு டால்க்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சூப்பர் குளூ இறுகியதும், அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் என்று விட்டால் அது பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும். அப்போது தேய்த்தால் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கரைந்து பள்ளமாகும், பசை மட்டும் மேடாக நிற்கும். கண்ணாடிப் பாகத்துக்கு அருகே இதைக் கொண்டுபோகாதீர்கள், ஆவி பட்டுப் பால் போல வெளுத்துவிடும். நிறைய சிந்தினால் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்கவும் வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் கை பொறுக்காத அளவுக்குச் சூடாகும்.

*இரண்டு பாகம் பிசையும் எபாக்ஸி.* வேல்ஸில் தயாராகும் மில்லிபுட், டாமியாவின் எபாக்ஸி புட்டி ஆகியவை. இரண்டு குச்சியிலிருந்தும் சம அளவு எடுத்து, சப்பாத்தி மாவு பிசைவதுபோல நிறம் ஒன்றாகும்வரை ஐந்து நிமிடம் பிசைய வேண்டும். நிறத்தில் கோடு கோடாகத் தெரிந்தால் இன்னும் பிசையவில்லை என்று பொருள், அந்த இடம் இறுகாது. சுருங்காது, பிளாஸ்டிக்கைக் கடிக்காது, எவ்வளவு தடிமனாகவும் போடலாம். மில்லிபுட்டுக்கு இறுக மூன்று நான்கு மணி நேரம் ஆகும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். ஈர விரலால் நீவினால் வழவழப்பாகும். இறக்கை மூட்டில் வைத்து, ஈரமான பட்ஸால் இழுத்துத் துடைத்தால் தேய்க்க வேண்டிய வேலையே இருக்காது. நுண்ணிய வேலைக்கு அதன் வெள்ளை நிற சூப்பர்ஃபைன் வகையைக் கேட்டு வாங்குங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எபாக்ஸி சிலருக்குத் தோலில் ஒவ்வாமையைக் கொண்டுவரும், ஒரு தடவை வந்தால் பிறகு தொடும்போதெல்லாம் வரும்.

நம் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் எம்-சீலும் எபாக்ஸிதான். மூக்கில் எடை வைத்து அடைக்க, உள்ளே முட்டுக்கொடுக்க, பெரிய பள்ளத்தின் அடியை நிரப்ப அருமையாக உழைக்கும். ஓரம் மெலிந்து இழைவதில்லை என்பதால் மேல்பூச்சுக்கு வேறொன்று வேண்டும்.

*ஸ்ப்ரூ கூழ்.* டாமியா எக்ஸ்ட்ரா தின் பசை பாட்டிலில் கால் பங்கு மிஞ்சியதும், அதே கிட்டின் ஸ்ப்ரூவைப் பொடியாக நறுக்கிப் போட்டு இரண்டு நாள் விடுங்கள். கரைந்து கூழாகும். காய்ந்தபின் அது பிளாஸ்டிக்கேதான். நிறமும் அதே, கெட்டித்தன்மையும் அதே, கோடும் நன்றாகக் கீறலாம். ஆனால் இருப்பதிலேயே அதிகமாகக் கடிப்பதும் சுருங்குவதும் இதுதான். மெல்லிய இறக்கை நுனியில் வைத்தால் நுனியே உருகும். தடிப்பான இடத்தில் வைத்து ஒரு வாரம் தொடாமல் இருக்க முடிகிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

சுவருக்குப் பூசும் வெள்ளைச் சிமென்ட் புட்டியைச் சிலர் முயல்வதுண்டு. அது பிளாஸ்டிக்கில் பிடிக்காது, தேய்க்கும்போதே பெயர்ந்துவிடும். கார் பெயின்டர்கள் பயன்படுத்தும் என்.சி. புட்டி வேறு விஷயம். அதுவும் தின்னர் வகைதான், மலிவும்கூட. தின்னர் வீரியம் கூடியது என்பதால் மிக மிக மெல்லிய பூச்சாக மட்டும் பயன்படுத்தலாம்.

படி 4: ஸ்ப்ரூவில் ஒத்திகை

புதிய புட்டி எதையும் நேராக மாடலில் வைக்காதீர்கள். தட்டையான ஸ்ப்ரூ சட்டத்தில் ரம்பத்தால் மெல்லியதாக ஒரு வெட்டு, கத்தியால் அகலமாக ஒரு வெட்டு போடுங்கள். இரண்டிலும் புட்டியை நிரப்பி, பக்கத்தில் தேதி எழுதி வைத்துவிடுங்கள். மறுநாள் தேய்த்து, குறுக்கே ஒரு கோடு கீறி, பெயின்ட் அடித்து, ஒரு வாரம் கழித்து நகத்தால் தடவிப் பாருங்கள். எவ்வளவு சுருங்குகிறது, ஓரம் உதிர்கிறதா, உங்கள் பெயின்டின் தின்னர் அதை மறுபடி இளக்குகிறதா என்று எல்லாமே தெரிந்துவிடும். என் மேசை இழுப்பறையில் இப்படிப் பதினைந்து ஸ்ப்ரூ துண்டுகள் இருக்கின்றன. எந்தப் பெட்டியின் விளம்பர வாசகத்தையும்விட அவற்றைத்தான் நம்புகிறேன்.

படி 5: பூசுதல்

சந்தின் இருபக்கமும் அரை மில்லிமீட்டர் தள்ளி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். புட்டியைச் சந்துக்குள் அழுத்தித் திணியுங்கள். மேலோடு மெழுகினால் உள்ளே காற்று நின்று பிறகு ஊசித்துளையாக வெளிப்படும். தின்னர் வகை என்றால் சந்தைவிட ஒரு துளி மேடாக விடுங்கள், சுருங்க இடம் வேண்டுமே. பூசியதும், காய்வதற்கு முன்பே, டேப்பை உரித்துவிடுங்கள்.

நம் ஸ்பிட்ஃபயரையே எடுத்துக்கொண்டால், நான் இப்படிப் பிரிப்பேன். முதுகுக் கோட்டுக்கு பிதுங்கிய பிளாஸ்டிக், பள்ளம் மிஞ்சினால் சூப்பர் குளூ. இறக்கையின் அடிப்பலகை உடலின் வயிற்றைச் சந்திக்கும் குறுக்குக் கோட்டில் பேனல் கோடுகள் இருப்பதால் அங்கே டால்க் கலந்த சூப்பர் குளூ. இறக்கையும் உடலும் சேரும் வளைவில், மெல்லிய கோடானால் சர்ஃபேஸர் 500, அகலமானால் மில்லிபுட், இரண்டையும் துடைத்தே முடிப்பேன். சக்கரக் கதவின் உட்புறம் வார்ப்பு ஊசி விட்டுப்போன வட்டக் குழிக்கு ட்யூப் புட்டி, இரண்டு மெல்லிய பூச்சு. விமானி அறைக் கண்ணாடியின் அடி ஓரத்துக்குத் தண்ணீர் வகை. ஒரு சின்ன விமானத்தில் ஐந்து வகையா என்று தோன்றும். எல்லாம் சேர்ந்து ஒரு பட்டாணி அளவுகூட வராது.

பீரங்கி வண்டி கட்டுகிறவர்களுக்கு இவ்வளவு கவலை இல்லை, அங்கே வெல்டிங் தழும்பும் கரடும் இருப்பதே அழகு. டி-34 என்ற சோவியத் பீரங்கி வண்டியின் வார்ப்புக் கோபுரத்தில் ட்யூப் புட்டியைத் தின்னரில் இளக்கி, பழைய தூரிகையால் குத்திக் குத்தி எடுத்தால் வார்ப்பு எஃகின் சொரசொரப்பு அப்படியே வரும். மறைப்பதற்கு வாங்கிய பொருளால் ஒன்றை உருவாக்குவதில் தனி மகிழ்ச்சி இருக்கிறது.

படி 6: தேய்த்தல், சோதித்தல்

விரலில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்க்காதீர்கள், விரல் மெத்தென்று இருப்பதால் புட்டியைக் குழித்துவிடும். வாட்டர் பேப்பரை ஐஸ் குச்சியில் ஒட்டிக்கொள்ளுங்கள். 400இல் தொடங்கி 600, 800, 1000 என்று போகலாம். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. தண்ணீர் வகைப் புட்டிக்கு மட்டும் இது ஆகாது. உலர்ந்து தேய்க்க வேண்டி வந்தால் முகக்கவசம் போடுங்கள்.

பிறகு சாம்பல் பிரைமரோ, அதைவிட இரக்கமில்லாமல் குறையைக் காட்டும் வெள்ளிப் பெயின்டோ மெல்லியதாக அடித்து, டார்ச்சைப் படுக்கைவாட்டில் பிடித்துப் பாருங்கள். குழி நிழலாகவும் மேடு பளிச்சென்றும் தெரியும். முதல் சுற்றிலேயே சரியாக வருவது அரிது. மறுபடி நிரப்பி, மறுபடி தேய்த்து, மறுபடி அடியுங்கள். தேய்ந்துபோன பேனல் கோடுகளை இப்போதுதான் கீற வேண்டும். தடிப்பான டேப் பட்டையை வழிகாட்டியாக ஒட்டி, அழுத்தாமல், நாலைந்து தடவை மெல்ல இழுத்தால் போதும்.

முதலில் எதை வாங்குவது?

சூப்பர் குளூவும் டால்க் பவுடரும் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும், முதல் கிட்டுக்கு அவையே போதும். அடுத்து ஒரு பாட்டில் சர்ஃபேஸர் 500. இறக்கை மூட்டும் பெரிய பள்ளமும் தொல்லை கொடுக்கத் தொடங்கியதும் மில்லிபுட். ட்யூப் புட்டியையும் தண்ணீர் வகையையும் தேவை வரும்போது வாங்கிக்கொள்ளலாம். திறந்த ட்யூபின் வாயைத் துடைத்து, மூடியை இறுக்கி, ஜிப் பையில் போட்டு வையுங்கள். சூப்பர் குளூவைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்து, எடுத்ததும் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்தால் மாதக்கணக்கில் கட்டியாகாமல் இருக்கும்.